காரணம் என்ற கட்டம்

பழுத்த புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி
இரண்டு நாளாகக் காற்றைத் தேடுகின்றன.
"நூலு உள்ளதான் இருக்குது சார்,
வாய்க்கு வரமாட்டேங்குது" என்கிறாள் மாரக்கா.
கெலமங்கலத்துக்கு மேற்கே, தகரக் கொட்டகை.
சந்திரிகைகள் அத்தனையும் காலி.

ஒன்றைக் கீறிப் பார்த்தேன்.
சுரப்பி முழுக்கப் பட்டு,
டார்ச் வெளிச்சத்தில் கெட்டித் தேன் மாதிரி.
அவள் சொன்னது சரிதான்.

செல்லுக்குள்ளும் ஒரு ராயக்கோட்டைச் சாலை உண்டு.
நுண்குழல்கள்:
போடப்போடக் கலையும், கலையக்கலையப் போடும்.
அதன்மேல் பட்டு மூட்டையைச் சுமந்து
ஒரு கூலி நடக்கிறான்.
முகம் கிடையாது அவனுக்கு,
இரண்டு காலும் ஒரு தோளும்தான்.
விளிம்பில் ஆக்டின் இழைகள்.
நேரம் வரும்வரை அது முள்வேலி.
வந்துவிட்டால் அதே முள்
மூட்டையின் முதுகில் கைவைத்துத் தள்ளும்.
இதைப் படித்த இரவு மைசூர் விடுதியில்
நான் சாப்பிட மறந்தேன்.

அங்கேதான் ஒருமுறை
கண்வலிக் கிழங்கின் விஷத்தை
ஐந்தாம் பருவப் புழுவுக்கு ஏற்றினோம்.
சாலை கரைந்துபோனது.
மூட்டைகள் நின்ற இடத்தில் நின்றன.
புழு தின்றது. பழுத்தது.
ஒரு முழம் நூல் வரவில்லை.

அதே கொடி மாரக்காவின் வேலியில்
சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூத்திருக்கிறது.
பழி போட வசதியான பூ.
ஆனால் புழு வேலியை மேயவில்லை,
மல்பெரியை மேய்ந்தது.
மல்பெரிக்குப் பக்கத்தில் சாமந்தித் தோட்டம்.
செவ்வாய்க்கிழமை, காற்று இந்தப் பக்கம்.

"யாரு மருந்தடிச்சது?"

வாயைத் திறந்தாள்.
வேலிக்கு அப்பால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
அவர்கள் விடும் தண்ணீரில்தான்
இவள் கால் ஏக்கர் நனைகிறது.
மூடிக்கொண்டாள்.

படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம்
இரண்டு விரல் அகலம்.
தோட்டக்காரன் பெயர் மூன்றெழுத்து, தாராளமாய்ப் பிடிக்கும்.
'ஆய்வில் உள்ளது' என்று நெருக்கி எழுதினேன்.

வண்டியை எடுக்கும்போது கூப்பிட்டாள்.
ஒரு புழு துப்பியிருந்தது.
கூடு இல்லை.
தட்டின்மேல் கிடையாய்,
உள்ளங்கை அளவுக்கு,
கோணல்மாணலாய் ஒரு படலம்.
நகத்தால் மெல்ல உரித்து எடுத்தாள்.
"தருமபுரி ஏலத்துல இத எடுப்பாங்களா சார்?"

எடுக்கமாட்டார்கள்.
அதையும் நான் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
நாலாய் மடித்து
ரேஷன் அட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.