ஒரு கைக்கு உண்டான எடை

நான் வேலை பார்ப்பது கப்பலூரில்.
கப்பல் கிடையாது. சுங்கச்சாவடி இருக்கிறது,
லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் எங்கள் ஷெட் இருக்கிறது.
ஜிப்பும் நைலான் நூலும் வாங்கியது ஏழுகடல் தெருவில்.
அங்கே ஒரு கடல்கூட இல்லை,
எவர்சில்வர் வாளிகள் வெயிலில் அடுக்கியிருந்தன.

மஞ்சள் தார்ப்பாயில் மிச்சம் விழுந்தது இரண்டரை மீட்டர்.
மேஸ்திரி பார்த்தும் பார்க்காததுபோல்
டீ குடிக்கப் போனார்.

பாம்பனில் கூண்டு ஏற்றிவிட்டார்கள்.
மூன்று நாளாய் ரெமிஜியுஸ் விளாச்சேரி மாடிவீட்டில்,
கொடியில் காயும் என் சேலை
எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டு.

பையை அவன் முன்னால் வைத்தேன்.
தூக்கிப் பார்த்தான், இடக்கையால்.
“வலது கை அப்ப வேற எதையாவது பிடிச்சிருக்கும்.”
எதை என்று சொல்லவில்லை.

நான் அள்ளி வைத்ததையெல்லாம் வெளியே எடுத்தான்.
முறுக்கு வேண்டாம், தாகம் எடுக்கும்.
துண்டு வேண்டாம், ஊறினால் கல்.
முகம் பார்க்கும் கண்ணாடி வை என்றான்.
அங்கே யாருக்குத் தலை சீவ என்று சிரித்தேன்.
“ஹெலிகாப்டருக்கு” என்றான்.

பேட்டரியைப் போட்டு முடிய ஆணுறை வேண்டுமாம்.
இரண்டு டஜன் என்றதும்
மெடிக்கல் கடைப் பையன் நிமிரவே இல்லை.
தண்ணீர்ப் பாக்கெட், குளுக்கோஸ், கத்தி,
சிவப்புத் துணி ஒரு முழம்,
எந்த நாட்டுக் கரையில் ஒதுங்கினாலும்
பெயர் சொல்ல மீனவர் அட்டையின் நகல்.

“விசில் அஞ்சு வாங்கு.”
படகில் போவது நாலு பேர்:
இவன், மெல்சியர், நாகநாதன், கஸ்பார்.
“வாயால கத்துனா மூணு மணி நேரம்.
அதுக்கப்புறம் தொண்டை இருக்காது.”

மூன்று மணி நேரம் என்று எப்படித் தெரியும்?
நான் கேட்கவில்லை.
போன ஐப்பசியில் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை.
சிக்னல் இல்லை என்றான்.
அதற்குப் பிறகு டெரன்ஸ் என்ற பெயர்
அவன் வாயில் வரவில்லை.

அந்தியில் தென்கால் கண்மாய்க்குப் போனோம்.
தண்ணீர் கலுங்கைத் தொட்டு நின்றது,
திருப்பரங்குன்றம் அதில் தலைகீழாகக் கிடந்தது.
கயிற்றைக் கட்டி எறிந்தான்.
பை குப்புற விழுந்து,
கொஞ்சம் யோசித்து,
மூழ்கியது.
எருமை கழுவிக்கொண்டிருந்தவர் கேட்டார்,
“என்ன தாயி, யாரும் விழுந்துட்டாகளா?”
“இன்னும் இல்ல” என்றான் இவன், கயிற்றை இழுத்தபடி.

வந்து தையலைப் பிரித்தேன்.
காலி பாட்டில் நான்கு, மூடி இறுக்கி,
உள்பக்கம் வைத்துத் தைத்தேன்.
ஜிப்புக்கு மேல் மடிப்பு, மடிப்புக்கு மேல் மெழுகு.
ஊசி இரண்டு முறை ஒடிந்தது.
பதினொன்று வரை மெஷின் ஓட,
அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.
தூங்கவில்லை. தூங்கினால் அவனுக்கு மூச்சு வேறு மாதிரி.

மறுநாள் பை மிதந்தது, ஒருக்களித்து.
அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்,
இருட்டும் வரை,
கொசு கடிப்பதுகூடத் தெரியாமல்.

கூண்டை இறக்கிவிட்டார்கள்.
ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஜன்னலோரம்,
மடியில் மஞ்சளாகப் பை,
எதிர்சீட்டுக்காரர் அது சாப்பாடு என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்தால்
அடுப்பு மேடையில் ஒரு விசில்.
மறந்தானா, வைத்தானா?
நாலுதான் போயிருக்கிறது.

கயிறோடு கழுத்தில் போட்டுப் பார்த்தேன்.
கதவைச் சாத்தி ஊதினேன், பலங்கொண்ட மட்டும்.
பல்லி ஓடியது.
கீழ்வீட்டு ருக்சானா படியிலிருந்து கூப்பிட்டாள்:
“அக்கா, குக்கரை அணைக்கலையா?
இது எத்தனாவது விசில்?”

“அஞ்சாவது” என்றேன்.