இடம் வலம்

மேல்விஷாரத்தில் மூடிய தோல் தொழிற்சாலை
எனக்கு வைத்த பாக்கி:
குரோம் உப்பு நாற்பது மூட்டை,
சுண்ணாம்பு, சல்ஃபைடு, இரண்டு வருட வட்டி.
பணத்துக்குப் பதில் ஒரு சாவியைக் கொடுத்தார்கள்.
எண்பத்து நாலாம் வருட ஜெர்மன் கார்.
இரண்டே கதவு.
பின்சீட்டில் ஒரு டிபன் கேரியர் உட்காரலாம்.
நான் மூட்டை ஏற்றிப் பிழைக்கிறவள்,
எனக்கெதற்கு இது?

பெங்களூரிலிருந்து ஞாயிறன்று ஒருவர் பார்க்க வருகிறார்.
வியாழன் மாலை கிரீன் சர்க்கிளில்
வளைத்து, ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.
டக்.
டக். டக்டக்.
பின்சக்கரத்துக்குள் உட்கார்ந்து யாரோ
பாக்கு வெட்டுகிறார்கள்.

கொணவட்டத்தில் தஸ்தகீர் லாரிகளுக்கு மட்டும் வேலை செய்கிறவன்.
பன்னிரண்டு சக்கரங்களுக்கு நடுவில்
இதைக் கொண்டுபோய் நிறுத்தியபோது
"இன்னாக்கா, லாரி குட்டி போட்டுச்சா?" என்றான்.
கீழே படுத்துப் பார்த்தான்,
சிரிப்பு நின்றது.
ரப்பர் உறை கிழிந்து
கிரீஸ் முழுக்க வெளியே தெறித்திருந்தது.
காலியான இடத்தில் மணல்.

போல்ட்டுத் தலையில் பன்னிரண்டு முனை நட்சத்திரம்.
வேலூரில் எந்தக் கடையிலும் அதற்குச் சாவி இல்லை.
ராணிப்பேட்டையில்
தோல் சீவும் பழைய மெஷின்களைப் பிரித்து
எடைக்குப் போடுகிற ஒருவரிடம் இருந்தது.
வாடகை, இரண்டு டீ.

நான்கு மூட்டு,
மூட்டுக்கு ஆறு எஃகுக் குண்டு.
டீசலில் கழுவி எவர்சில்வர் தட்டுகளில் வைத்தேன்.
"கலந்துடாதக்கா.
கூடத் தேஞ்சது கூடவே கெடக்கணும்."
அவன் சொல்லி முடிக்கவில்லை, ஒன்று உருண்டது.
ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி
சாக்கடையில் தூண்டில் போட்டோம்.
இரண்டு நட்டு,
அரை ரம்ப பிளேடு,
சாவியில்லாத ஒரு பூட்டு,
அப்புறம் அது.

உள்வளையத்தின் பள்ளத்தில் நகத்தை ஓட்டினான்.
"நீயும் தொட்டுப் பாரு."
ஒரு பக்கச் சுவரில் குழி,
மறுபக்கம் கண்ணாடி.
"முன்னால போறப்ப எப்பவும் இந்தப் பக்கந்தான் அடி வாங்குது.
ரிவர்ஸ் எடுத்தாதான் அந்தப் பக்கம்.
நாப்பது வருசத்துல
எவ்ளோ ரிவர்ஸ் எடுத்திருப்பாங்க, சொல்லு."
இடது மூட்டை வலதுக்குப் போடலாம்,
வலதை இடதுக்கு.
அடிபடாத சுவர் இனித் தாங்கும்.
"எத்தனை நாளைக்கு?"
கிரீஸ் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான்.
"அது எனக்கு எப்படித் தெரியும்?"

அகன்ற இடைவெளிக்கு நேராகக் குறுகியது வரவேண்டும்.
இரவு பதினொன்றுக்கு மாற்றிப் போட்டுவிட்டோம்.
குண்டுகள் அழகாகத்தான் உட்கார்ந்தன,
மூட்டு கல்லாக இறுகிவிட்டது.
சுத்தியல் பிடியால் தட்டிப் பிரித்து,
கரண்ட் போய், செல்போன் வெளிச்சத்தில்
மறுபடி முதலிலிருந்து.
இரண்டாம் முறை சேர்ந்தபோது
அவன் உள்ளங்கையில் அது
தூங்குகிறவன் கழுத்துபோல்
எந்தப் பக்கமும் சாய்ந்தது.

ஞாயிறு.
பொன்னப்பா என்று பெயர்.
பாடியில் பட்டி பூசியிருக்கிறதா என்று பார்க்க
அவரும் ஒரு காந்தம் கொண்டுவந்திருந்தார்.
அவர் ஓட்டினார், நான் பக்கத்தில்.
கிரீன் சர்க்கிளில் வளைத்து மிதித்தார்.
ஒன்றுமில்லை.
இன்னொரு சுற்று.
கரும்பு ஜூஸ் வண்டியின் மணிகூடத் துல்லியமாகக் கேட்டது.

"சைலன்ட்" என்றார்,
ஒரு தொகையும் சொன்னார்.
பாக்கி, வட்டி, அதற்கு மேல் பதினெட்டாயிரம்.

ஈரச் சுண்ணாம்பை உலர்ந்த விலைக்கு
ஒருமுறை விற்றிருக்கிறேன்.
அந்த ஆம்பூர்க்காரர் இன்றுவரை
என் போனை எடுப்பதில்லை.

சத்துவாச்சாரி தாண்டியதும் ஓரங்கட்டச் சொன்னேன்.
நகக்கண்ணில் கறுப்பு இன்னும் போகவில்லை.
"உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன்.
அவர் எஞ்சினை அணைத்தார்.