விலாசம் இல்லாத கல்

கோட்டையூர் வீடு. ஒன்பது பங்காளிகள், ஒரே லாரி.
காரைக்குடிக் கடைவாசலில் இறக்கி எண்ணினேன்.
பித்தளைக்கெல்லாம் விலாசம் இருந்தது:
அண்டா, குத்துப்போணி, எச்சில் படிக்கம்வரை
உளிப்புள்ளியில் மூன்று தலைமுறைத் தலைப்பெழுத்து.
பணியாரக் கல்லில் மட்டும் ஒன்றுமில்லை.

வார்ப்பிரும்பில் யாரும் பேர் வெட்டுவதில்லை.
உளி பட்டால் விண்டுபோகும்.
பேரில்லாததற்குப் பங்கு கேட்க ஆளில்லை;
நானூற்றைம்பதுக்கு என் பக்கம் வந்தது.

மூன்று நாள் காஸ்டிக் தண்ணீரில் கிடந்தது.
கரி முதலில் பிசினாக, பிறகு செதிலாக,
கடைசியில் ஆமையோடுபோல் ஒரே துண்டாய்க் கழன்றது.
துடைத்து முடிப்பதற்குள் துரு பூத்துவிட்டது.
கையுறை ஓட்டையில் என் சுண்டுவிரல் வெந்தது தனிக்கதை.

வெயிலில் கவிழ்த்தேன்.
முதுகில் ஒரு தழும்பு, கட்டைவிரல் நீளம்.
உருகிய இரும்பு உள்ளே நுழைந்த வாசல் அது.
ஆறியதும் ஒடித்து எறிந்திருக்கிறார்கள்,
அரம்போட நேரமில்லாத யாரோ.
தழும்பு இருந்தால் பழசு. அது சந்தைக் கணக்கு.
எவ்வளவு பழசு என்று தழும்பு சொல்லாது.
வெளிநாட்டுச் சட்டிகளுக்கு அட்டவணை உண்டு,
கைப்பிடி வளைவை வைத்தே வருஷம் சொல்வார்கள்.
இதற்கு எந்த ஆற்று மணல் அச்சானது என்றுகூடத் தெரியாது.

சுண்டினேன். கணீர்.
விரிசல் இல்லை.
தராசில் மூன்றேகால் கிலோ.

"நூறு வருஷம் இருக்குமா?" போனில் பெங்களூர்க்காரர்.
"நூத்தி இருபதுன்னு எழுதுங்க,
இரும்பு வந்தா சாட்சி சொல்லப்போவுது?"
இது பக்கத்துக் கடை மைதீன் பிச்சை.

பேனாவை எடுத்த பிறகுதான் குழிகளைப் பார்த்தேன்.
ஏழு குழி. சுற்றிலும் ஆறு வழவழவென்று.
நடுக்குழி சொரசொரப்பு. அங்கே தீ முந்தும்,
மாவு கருகும்;
ஏதோ ஒருநாள் அதில் ஊற்றுவதை நிறுத்தியிருக்கிறாள்.
ஆறின் விளிம்பிலும் கம்பிக் கீறல்கள்,
ஆழமாகத் தொடங்கி மெலிந்து முடிகிறவை,
எல்லாம் ஒரே சுழி.

வீட்டுக்குப் போய் எங்கள் கல்லைத் தூக்கி வந்தேன்.
எங்களுடையது இடம்புரி.
இது வலம்புரி.
(சங்காக இருந்தால் விலை எங்கேயோ போயிருக்கும்.)
கம்பியை எடுத்துக் கீறலோடு ஓட்டிப் பார்த்தேன்.
மணிக்கட்டு மறித்தது.
இன்னொரு முறை. மறித்தது.
கம்பியை இடக்கைக்கு மாற்றினேன்:
தண்ணீர் வாய்க்காலில் போவதுபோல் போனது,
ஒரு சுற்று, அடுத்த குழி, ஒரு சுற்று,
இல்லாத பணியாரம் ஆறையும் திருப்பிவிட்டு நிமிர்ந்தேன்.

அட்டையில் எழுதினேன்.
வருஷம்: தெரியாது.
அடியில், இடக்கை.

படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.
"இடக்கைங்கிறது கம்பெனி பேரா?"

ஆமாம் என்றேன்.
இருநூறு ஏற்றிச் சொன்னேன்.