பிற மருந்துகள்: இல்லை

படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது,
பத்தாவதோ பதினோராவதோ:
வேறு ஏதும் மருந்து, மூலிகை, சிகிச்சை?
ஒவ்வொரு முறையும்
இல்லை என்று எழுதிவிட்டு
சங்கிலி கட்டிய பேனாவைத் திருப்பி வைக்கிறேன்.

டண்டினோங் சந்தைக்குப் பின்னால்
கைபேசி திருத்துகிற கடைக்கும்
இறைச்சிக் கடைக்கும் நடுவில் ஒரு மாடிப்படி.
வியாழக்கிழமைகளில்
முதியோர் இல்லத்து இரவு வேலை முடிந்து,
பிறர் உடம்புகளைப் புரட்டிப் படுக்க வைத்த கையோடு
அதில் ஏறுகிறேன்.
திருமதி லியூ கட்டிலில்
புதுக் காகிதம் விரித்திருப்பாள்.

டாக்டர் கெட்டவர் இல்லை.
ஒன்பது நிமிடம் தருகிறார்,
அதில் நாலு கணினிக்கு.
படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள்.
ஒன்றுமில்லை என்றார்,
வாழ்த்துச் சொல்வதுபோல.
ஒன்றுமில்லாத தோளைத் தூக்கிக்கொண்டு
வீட்டுக்கு வந்தேன்.
அன்றிரவும் நொந்தது.

பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?
ஏழு என்பேன், அவர் தட்டெழுதுவார்.
ஏழு என்றால் என்ன என்று
லியூதான் கேட்டாள்.
சட்டை போட ஏலாதா, சோறு குழைக்க ஏலாதா,
எந்தப் பக்கம் சரிந்து படுப்பாய்,
அந்தப் பக்கத்தில் முன்பு யார் படுத்தது.

கடைசிக் கேள்வியை
அவள் உண்மையில் கேட்டாளா,
எங்கள் இரண்டு அரைகுறை ஆங்கிலமும் முட்டி
அப்படி விழுந்ததா, தெரியாது.
நான் பதில் சொன்னேன்.
நாற்பது நிமிடம். பதினொரு ஊசி.

நம்புகிறீங்களா அம்மா என்கிறான் ஆரூரன்.
மருந்தாளர் படிப்பு, மூன்றாம் வருடம்.
பொய் ஊசி குத்தினாலும்
ஏறக்குறைய இதே பலன்தானாம்,
ஆய்வுகளை வாட்ஸப்பில் அனுப்புகிறான்.
வாசிக்கிறேன். சரியாகத்தான் இருக்கும்.
அறுபத்தைந்து டொலரை
மீன் வாங்கிய கணக்கோடு சேர்த்து எழுதுகிறேன்.

பிரஷர் குளிசையை ஒருநாளும் விட்டதில்லை.
அவ்வளவு மடைச்சி இல்லை நான்.

போன வியாழன்
துவாய் எடுக்க அவள் லாச்சியைத் திறந்தபோது
கண்ணில் பட்டது:
பனடோல், பாதி முடிந்த அட்டை.
நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.
மூடவில்லை.
நாள் முழுக்கக் கட்டில்களின் மேல் குனிகிற கழுத்தைத்
தொட்டுக் காட்டி
எட்டு என்றாள்.

தோளில் ஊசிகள் நிற்க,
அசையக் கூடாது என்பதால்
முகத்தை மட்டும் திருப்பி,
எட்டு என்றால் என்ன என்று கேட்டேன்.

கீழே படியில் அடுத்த ஆளின் காலடி.
அவள் கதிரையை இழுத்துப் போட்டு
உட்கார்ந்தாள்.