சாயக்காரி

வீகோ துறைமுகத்தில் சனிக்கிழமை.
மழை இங்கே பெய்வதில்லை, குடியிருக்கிறது.
ஒரு மடக்குமேசை, நான்கு பேனா, ஒரு பென்சில்,
படிவங்கள் பறக்காமலிருக்க
என் மகனின் பழைய காலணி ஒன்று.
வணிகக் கப்பல்கள் சுறாவைத் தொடக்கூடாது
என்று சட்டம் கேட்கும் மனு.

ஐந்து மணிக்கே ஏலக்கூடத்தில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.
ஈரச் சிமெண்டில் வரிசையாய் நீலச்சுறாக்கள்,
தலையெல்லாம் ஒரே பக்கம்.
குருப்பட்டம் பெறக் குப்புறக் கிடப்பவர்கள் போல
என்று குறிப்பேட்டில் எழுதி, அடித்துவிட்டேன்.
அவற்றை யாரும் அழைக்கவில்லை.
கிலோவுக்கு விலை கேட்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் பேச்சில் இதற்குச் சாயக்காரி என்று பெயர்.
துணிக்கு நிறம் ஏற்றுபவள்.
கடலைவிட்டு ஏறிய ஒரு மணி நேரத்தில்
அவள் சாயம் அவளிடமிருந்தே போய்விடும்.

முதல் கையெழுத்து ஒரு பேருந்து ஓட்டுநர்,
பயணிகள் திட்டத் திட்ட வண்டியை நிறுத்திவிட்டு.
பிறகு பள்ளிச் சிறுமிகள் இருவர்.
வயது போதாது என்றேன்.
"அங்கே கிடப்பவற்றுக்கும்தான் போதாது"
என்று போனார்கள்.
சகோதரி ப்ளாசிடா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து
ஒவ்வொரு வரியாய்ப் படித்து,
எழுத்துப்பிழை ஒன்றைச் சுட்டிக்காட்டிவிட்டு ஒப்பமிட்டார்.
குடித்திருந்த ஒருவர் மூன்று தரம் போட வந்தார்.
ஒன்றுக்கு மேல் கூடாது என்றதும்
அழுதார்.

டொரிண்டா, மீன்வறுவல் கடை:
"முப்பது வருஷமாய் வேறு மீனின் பேரைச் சொல்லி
இதைத்தான் வறுத்து விற்கிறேன்.
தின்கிறவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
மிளகாய்த்தூளுக்குத்தான் தெரியாது."
அவள் பெயர்மேல் எண்ணெய் விரல் ஒன்று பதிந்தது.

ஒன்பது பெயர் சேர்ந்தபோது அவள் தம்பி அமாரோ வந்தான்.
தூண்டில் கப்பல்காரன், ஒரு கயிற்றுக்கு ஆயிரம் முள்.
சண்டைக்கு என்றுதான் நினைத்தேன்.
ஆடிய மேசைக்காலுக்கு முழங்காலை முட்டுக்கொடுத்து நின்றான்.
"கப்பல்மேல் கடன் இருக்கிறது. என்னால் போட முடியாது."
நான் ஒன்றும் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து அவனே,
"போன மாதம் அசோரஸ் தீவுகளுக்குத் தெற்கே
ஒருத்தியை அறுத்தோம்.
உள்ளே குட்டிகள், உயிரோடு.
ஒவ்வொன்றாய் எடுத்துத் தண்ணீரில் விட்டேன்.
நாற்பத்தொன்று.
பையன்கள் சிரித்தார்கள்.
நீந்திற்றா என்று நான் பார்க்கவில்லை.
அந்த எண்ணை எங்காவது எழுதிக்கொள்ளுங்கள்."

அதற்குக் கட்டமில்லை.
பெயர், பிறந்த தேதி, அடையாள எண், ஒப்பம்.
பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்: 41.
ஓரத்தில் எழுதிய தாள் செல்லாது.
பயிற்சியில் முதலில் சொன்னதே இதைத்தான்.
பிறகு மழை சாய்ந்து அடித்தது.
நீல மை கரைந்து என் உள்ளங்கையில் ஏறிக்கொண்டது.
பென்சில் அசையவில்லை.
பையில் அழிப்பான் இருந்தது. எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை
அந்த ஒன்பது பேரைத் திரும்பத் தேடினேன்.
ஏழு பேர் கிடைத்தார்கள்.
குடிகாரர் கடலுக்குப் போய்விட்டார்,
எந்தக் கப்பல் என்று யாருக்கும் தெரியவில்லை.
ஓட்டுநருக்கு வேறு தடம்.
டொரிண்டா கடைப்பலகையில் சரியான பேரை எழுதியிருந்தாள்.
"பாதிதான் விற்கிறது" என்று
கையைக் கழுவி, துடைத்து, ஒப்பமிட்டாள்.

சகோதரி ப்ளாசிடா மட்டும் கேட்டார்,
முதல் தாளுக்கு என்ன ஆயிற்று என்று.
என் சமையலறை இழுப்பறையில்
கரண்டிகளுக்கு அடியில் இருக்கிறது என்றேன்.
ஏன் என்றார். சொன்னேன்.
பேனாவை மூடாமல்
அந்த எண்ணை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.