மீதிப் பாதி

ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்குப் பின்னால்
பாதி கிரீம் பன் இருக்கிறது.
கவரின் மேல் பெனிட்டாவின் ஸ்கெட்ச் பேனாவால்
தேதி எழுதியிருக்கிறேன்.
பதினேழு நாளாக
அதை நகர்த்தி வைத்துவிட்டுத்தான்
மீன் எடுக்கிறேன்.

அன்றைக்கு ஓவர்டைம்.
கம்பெனி பஸ் பேரணாம்பட்டில் இறக்கிவிட்டபோது
ஏழே முக்கால்.
சம்பங்கி கடையில் பத்து ரூபாய் கொடுத்தேன்.
கவரில் தேதி இருந்த இடத்தில் ஊதா மை கலைந்திருந்தது,
ஆறு மாதிரியும் இருந்தது
எட்டு மாதிரியும் இருந்தது.
பசியோடு உட்கார்ந்திருந்தாள்.
குழாயில் காற்றுதான் வந்தது.
அப்படியே பிய்த்து ஊட்டினேன்,
கன்னத்தில் அப்பியிருந்த கிரீமைக்
கையாலேயே வழித்துவிட்டேன்.

முதலில் உதடு.
அப்புறம் கண் இருந்த இடம் தெரியவில்லை.
மூச்சில் விசில் சத்தம்.

குடியாத்தம் ஆஸ்பத்திரி வாசலிலேயே நர்ஸம்மா கேட்டார்:
"இன்னாமா துன்னுச்சு கொழந்த?"
பன்.
"எந்தக் கடை?"
சொன்னேன்.
ஊசி போட்ட டாக்டரிடம் சொன்னேன்,
அடுக்கம்பாறைக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸ் டிரைவரிடம்,
பக்கத்துக் கட்டில்காரியிடம்,
விடிந்ததும் போனில் என் தம்பியிடம்.
சொல்லச் சொல்ல
அந்தப் பன் பெரிதாகிக்கொண்டே போனது.

வீட்டுக்கு வந்ததும் நேரே கடைக்குப் போனேன்.
என்ன பேசினேன் என்று நினைவில்லை.
பால் வாங்க வந்தவர்கள் வாங்காமல் நின்றார்கள்.
சம்பங்கி ஒரு வார்த்தை பேசவில்லை.
அதே ட்ரேயில் இருந்து ஒன்றை எடுத்து
எல்லோர் முன்னாலும் பிரித்து
நின்றபடியே முழுசாகத் தின்றான்.
தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.
மீசையில் துகள் ஒட்டியிருந்தது, கை நடுங்கியது.
நான் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வீங்கு, வீங்கு என்று
கர்த்தரைக் கேட்டேன்.

வேலூர் ஆபீசில் சொன்னார்கள்:
பிரிக்காத பாக்கெட்டாக இருந்தால் கொண்டு வாங்க,
கடித்ததை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

நேற்று திரும்ப வரச் சொன்ன நாள்.
வேறொரு டாக்டர், என் தங்கை வயசு.
பன்னைப் பற்றிப் பேச வாயெடுத்தேன்.
அன்று ராத்திரி எடுத்த போட்டோ இருக்கிறதா என்றார்.
போனை வாங்கி விரலால் பெரிதாக்கினார்.
ஒரு கன்னத்தில் நாலு தடிப்பு, வரிசையாக.
இன்னொரு கன்னத்தில் ஒன்று, பட்டையாக.

"எங்கம்மா வேலை?"
ஷூ கம்பெனி, பேஸ்டிங் செக்ஷன்.
"கைக்கு உறை போடுவீங்களா?"
போட்டால் வேர்த்து வழுக்கும்,
ஜோடி எண்ணிக்கை குறையும்,
சூப்பர்வைசர் கத்துவார்.
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.
பால், முட்டை, முந்திரி, கலர்ப் பொடி,
கடைசியில் பசை.
"இருக்கலாம்" என்றார்.
"இல்லாமலும் இருக்கலாம். டெஸ்ட் வரட்டும்."

பஸ்ஸில் முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு வந்தேன்.
நகக்கண்ணில் காய்ந்த பசை
மஞ்சளாக, தோல் மாதிரியே உரிகிறது.
சோப்பு போட்டேன், சீயக்காய் போட்டேன்,
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன்.
சோற்றை ஸ்பூனில் கொடுத்தால்
"கைல குடும்மா" என்கிறாள்.

சம்பங்கி கடையில் பன் ட்ரே இருந்த இடத்தில்
சோப்புக் கட்டி அடுக்கியிருக்கிறான்.
சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன்.
என்னைப் பார்த்ததும்
சில்லறை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டான்.
எண்ணுவதற்குச் சில்லறை இல்லை அவனிடம்.
நான் நிற்கவில்லை.

அந்தப் பாதியை எறிய முடியவில்லை என்னால்.
பழி அதன் மேலேயே கிடக்கட்டும்
இன்னும் பத்து நாளைக்கு.
கரண்ட் போனால்
மெழுகுவத்தியைக்கூடத் தேடாமல் ஓடிப்போய்
ஃப்ரிட்ஜ் கதவை
இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.