ஏழே அரைக்கால்

வேலூர் வெயிலில் எவன் பாய் ஃபெல்ட் தொப்பி வைப்பான்
என்று கேட்காதவர் கிடையாது.
நானும் வைப்பதில்லை.
என் தலைக்கு வெள்ளிக்கிழமை வெள்ளைத் தொப்பி போதும்.
பீரோவில் இவை பதினொன்று,
எல்லாம் மல்லாக்க.
விளிம்பில் நிறுத்தினால் விளிம்பு சோர்ந்துவிடும்.
உச்சி தாங்கும்.

மேல்விஷாரத்தில் தோல் செலக்‌ஷன் வேலை.
முப்பது வருஷமாய் ஆட்டுத்தோலைத்
தரம் பிரிக்கிற கட்டைவிரல்
ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்காது.

இன்று மேசையில் இரண்டு.

முதலாவது சாம்பல்.
ஜோலார்பேட்டையில் ரயில்வே வீட்டைக் காலி செய்தவர்களிடம்
கிராமபோன் ஊசி டப்பாவோடு சேர்த்து வாங்கியது.
முயல் ரோமம்.
அழுத்தினால் விரலை உள்ளே விட்டு
மெதுவாக வெளியே தள்ளுகிறது,
பக்குவம் கெடாத குட்டித்தோல் போல.
நாடா இரண்டு விரல் அகலம்,
இடப்பக்க முடிச்சில் ஒரு தையல்கூட விடவில்லை.
உள்பட்டைத் தோலில் ஆவாரம்பட்டை வாசம்.
அல்லது எனக்கு எல்லாமே அந்த வாசம்தான்.
இங்கே பதனிட்ட தோல் கப்பலேறிப் போய்
எவன் நெற்றியையோ சுற்றி வளைந்து
மறுபடி பாலாற்றங்கரைக்கே வந்திருக்கலாம்.
வாலாஜா தனகோட்டியிடம் சொன்னேன்.
அவனிடம் பத்தொன்பது தொப்பி.
"நிரூபிக்க முடியுமா?" என்றான்.
முடியாது.

இரண்டாவது பழுப்பு. கம்பளி.
ஈரத்துணி பட்டால் ஒரு மந்தையே எழுந்து நிற்கும்.
விரல் வைத்த இடத்தில் பள்ளம் விழுந்து
சாயங்காலம் வரை அப்படியே கிடக்கும்.
முன்மடிப்பில் விரிசல்,
கிள்ளிக் கிள்ளித் தூக்கியிருக்கிறான்.
ஒரு பக்க விளிம்பு மழையில் தொங்கியது,
இந்த ஊர் மழை அவ்வளவு செய்யாது.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்
வங்காளத்தில் பலகை எழுதிய லாட்ஜ்.
"ரூம் பாக்கிக்கு விட்டுட்டுப் போனது" என்றான் ஏகாம்பரம்.
கொஞ்சம் கழித்து
"விட்டுட்டுப் போனது" என்று மட்டும் சொன்னான்.
பேரேட்டில்: தமாங், காலிம்போங், உடன் ஒருவர்.
இருநூறு கொடுத்தேன்.
தனகோட்டி சிரித்தான்:
"உனக்கே குல்லா போட்டுட்டான் பாய்."

முத்திரைப்படி இரண்டும் ஏழே அரைக்கால்.
டேப் வைத்தேன்.
சாம்பல் சரியாக நின்றது.
பழுப்பு, உள்ளே ஒரு வீசம் குறைந்தது.
திரும்ப அளந்தேன். ஒரு வீசத்துக்கும் மேலே.

உள்பட்டையைப் புரட்டினால்
டோக்கன் சீட்டுகள்.
நீளவாக்கில் மடித்து ஒன்றன்மேல் ஒன்றாய்.
மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று,
ஜூனில் இரண்டு,
ஆகஸ்டில் சீட்டு போதாமல்
ஓ.பி. அட்டையையே கிழித்து மடித்திருக்கிறான்.

முடி கொட்டினால் தொப்பி தளரும்.
அது முதல் இரண்டு சீட்டு.
மற்றவற்றுக்குக் கணக்குப் போடத் தெரியும்.
போடவில்லை.

சேகரிக்கிறவனுக்கு ஒரு சட்டம் உண்டு:
பிறகு சேர்ந்ததை எடு,
ஆவி காட்டு, பிரஷ் போடு,
செய்தவன் கைவிட்ட நிலைக்குக் கொண்டுபோ.
தனகோட்டி பார்த்தால்,
"சீட்டோடு ஐம்பது, சீட்டில்லாமல் முந்நூறு" என்பான்.
எடுத்தேன்.
ஆவி காட்டினேன்.
விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கெட்டிலில் தண்ணீர் வற்றிவிட்டது.

நோட்டில் சாம்பலுக்கு 'ஃபர்ஸ்ட்' என்று எழுதினேன்.
பழுப்புக்கு எழுத வேண்டியது 'ரிஜெக்ட்'.
பேனாவை மூடிவிட்டுச்
சீட்டுகளைத் தேதி வரிசையில் திரும்பச் செருகினேன்.
எப்படி மடித்தும் ஆகஸ்ட் அட்டை மட்டும்
உள்ளே போகவில்லை.
அவன் விரல்கள் மெலிந்திருக்கும்.
என்னுடையது தோல்காரன் கை.

மறுநாள் சட்டையை ஊறப்போடும்போது
பையைத் துழாவிய ஷாகிரா
அட்டையோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.
"யாருக்கு?" என்றாள்.
"எனக்குச் சொல்லாம எப்போ போனீங்க?"